சுவைஞரே காவலர்

ஒரு படைப்பின் ஆயுளை முடிவு செய்வோர் ஆக்கியோரா, சுவைப்போரா? பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 1963ஆம் ஆண்டு தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடர் இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது. ஒளிநாடாக்களை மீண்டும் பயன்படுத்தவும், இனிப் பயனில்லை எனக் கருதியும், அதன் தொடக்கக் காலப் பகுதிகள் பலவற்றை அந்நிறுவனமே அழித்தது. ஆயினும், சுவைஞர் சிலர் தத்தம் இல்லங்களில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தமையால், காட்சி இழந்த பகுதிகள் அனைத்திற்கும் ஒலியேனும் எஞ்சியது. 1989இல் தொடர் நின்ற பின்னரும், அவ்வொலியோடு நிழற்படங்களை இணைத்து, அப்பகுதிகளை மீட்டமைத்து இணையத்தில் உலவவிட்டோர் சுவைஞரே. 2005இல் தொடர் மீண்டும் எழுந்தது.

அன்பு மிகுந்தோர் தரம் பிரித்துக் காண்பதில்லை என்பர். அக்குறை உண்மையே. எனினும், காத்தல் முதற்பணி. தரங்காணல் அடுத்த பணி. படைப்பே அழிந்தபின் திறனாய்வாளன் எதனை எடைபோடுவான்?