இரண்டு பாதைகள் என்ற உவமை

அமெரிக்காவின் 'ஃபாரின் அஃபேர்ஸ்' பத்திரிகையில் 1976ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு நீண்ட கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஆமரி லவின்ஸ், பௌதிகம் படித்தவர், அப்போது அவருக்கு வயது 28. அடுத்த வருஷமே அது விரிந்து 'ஸாஃப்ட் எனர்ஜி பாத்ஸ்' என்ற புஸ்தகமாயிற்று. அணு உலை வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் எடுத்து வீசுகிற ஆயுதங்களில் பல அந்தப் பட்டறையில் அடித்தவைதாம். இதில் நாவல் எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். புஸ்தகம் முழுவதும் ஓர் உவமையின் மேல் நிற்கிறது. உவமை என்று வந்துவிட்டால் எங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதலில் புஸ்தகத்தின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் சர்க்கார் நிபுணர்கள் எல்லோரும், வருகிற வருஷம் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அதற்கு எத்தனை நிலையங்கள் கட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லவின்ஸ் வேறு கேள்வி கேட்டார். மின்சாரம் எதற்கு? யாரும் மின்சாரத்தைத் தின்பதில்லை. வெளிச்சம் வேண்டும், வெந்நீர் வேண்டும், குளிர்காலத்தில் கதகதப்பான அறை வேண்டும். அமெரிக்காவில் செலவாகும் சக்தியில், மின்சாரத்தால்தான் ஆகும் என்ற காரியங்கள் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் என்று அவர் காட்டினார். யுரேனியத்தைப் பிளந்து, பயங்கரமான உஷ்ணத்தை உண்டாக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கடலிலும் காற்றிலும் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கம்பி வழியே கொண்டுவந்து, கடைசியில் ஓர் அறையைச் சற்றே சூடாக்கிக்கொள்வதா? சுவரையும் ஜன்னலையும் ஒழுங்காகக் கட்டினால் போதுமே என்றார். சொன்னதோடு நிற்கவும் இல்லை. கொலராடோ மலையில் 7000 அடி உயரத்துக்கு மேல், பனி கொட்டுகிற இடத்தில், வெயிலையும் கனத்த சுவர்களையும் நம்பி 1980களின் தொடக்கத்தில் ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டுக்குள் வாழை குலை தள்ளியது. வாதத்துக்கு வாழைக்குலையைச் சாட்சி வைத்த நூலாசிரியர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கிலும் அவர் நிபுணர்களை வென்றார். நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் சக்திச் செலவு இரட்டிப்பாகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். 2000இல் பார்த்தபோது அது மூன்றில் ஒரு பங்கு அளவே கூடியிருந்தது. சிக்கனம் என்பது கட்டாத மின்நிலையம் என்று ஆயிற்று.

புஸ்தகத்தின் உபதலைப்பு நிலைத்த சமாதானத்தைப் பற்றிப் பேசுவது. இது அலங்காரம் அல்ல. அணு உலைகள் பரவினால் அணுகுண்டும் கூடவே பரவும் என்பதுதான் லவின்ஸின் ஆழமான பயம். 1974 மே 18இல் பொக்ரானில் வெடித்ததற்கு வேண்டிய புளுட்டோனியம், சமாதான காரியங்களுக்கென்று கனடா கொடுத்த உலையிலிருந்துதான் வந்தது. இரண்டே வருஷம் கழித்து எழுதியவருக்கு அந்தப் பயம் இருந்ததில் தவறில்லை.

இனி அந்த உவமை. கட்டுரையின் தலைப்பு, ராபர்ட் ஃப்ராஸ்டின் பிரசித்தி பெற்ற கவிதைத் தலைப்பை ஒரு கேள்விக்குறி போட்டு எடுத்துக்கொண்டது. காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடினப் பாதை: பெரிய நிலையங்கள், அணு உலைகள், நிலக்கரி. மற்றது மென்மைப் பாதை: வெயில், காற்று, சிக்கனம். ஒன்றில் காலை வைத்தால் மற்றது அடைபட்டுப்போகும் என்கிறார் லவின்ஸ். பெயர்களைக் கவனியுங்கள். நாயகனுக்கு நல்லசிவம் என்றும் வில்லனுக்குக் கெட்டசாமி என்றும் பெயர் வைத்துவிட்டுக் கதை தொடங்குகிற எழுத்தாளனை நாம் என்ன சொல்வோம்? அதைவிட வேடிக்கை, ஃப்ராஸ்டின் கவிதையை நிதானமாகப் படித்தால் அந்த இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்தவை. பிற்காலத்தில் பெருமூச்சோடு கதை சொல்லும்போதுதான் வித்தியாசம் பெரிதாகிறது. லவின்ஸ் கவிதையின் தலைப்பை எடுத்துக்கொண்டு அதிலுள்ள குறும்பை விட்டுவிட்டார்.

தேசம் என்பது காட்டில் தனியாக நிற்கும் வழிப்போக்கன் அல்ல. அது கல்யாணக் கூட்டம் மாதிரி. பாதிப் பேர் ஒரு வழியில் போவார்கள், பாதிப் பேர் வேறு வழியில் போவார்கள், சிலர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்கமாட்டார்கள். பின்னால் நடந்ததும் அப்படித்தான். நிலக்கரியைக் கொஞ்ச காலத்துக்குப் பாலமாக வைத்துக்கொள்ளலாம் என்றார் லவின்ஸ். உலகம் பாலத்தின் மேலேயே வீடு கட்டிக்கொண்டது. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15இல் தன் கடைசி மூன்று அணு உலைகளை மூடியபோது அங்கே நிலக்கரி நிலையங்கள் புகைந்துகொண்டுதான் இருந்தன. வெயில் மின்சாரம் மலிந்தது வாஸ்தவம். ஆனால் அதை மலிவாக்கியவை ஊர்தோறும் சிறு பட்டறைகள் அல்ல. ஜெர்மனி 2000இல் போட்ட சட்டமும், சீனத்தின் ராட்சதத் தொழிற்சாலைகளும். சிக்கனத்தின் கதையும் இதுவே. 2015க்குப் பிறகு நம் நாட்டில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமானது சர்க்கார் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால். மென்மைப் பாதையைக் கடினமான கைகள்தாம் போட்டன.

இந்த உவமை நம் ஊருக்கு வந்து என்ன செய்தது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. 2011இல் இடிந்தகரை மீனவர்கள் கூடங்குளம் உலையை எதிர்த்து உட்கார்ந்தார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் ஜனங்கள் புழுங்கினார்கள். உடனே பாதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. உலை அல்லது இருட்டு என்றது ஒரு கட்சி. காற்றும் வெயிலும் போதும் என்றது இன்னொன்று. அந்த உலையின் பக்கத்திலேயே காற்றாலைகள் சுழல்கின்றன; இரண்டு மின்சாரமும் ஒரே கம்பியில்தான் கலக்கிறது. காற்று ஆடியில் அள்ளித் தரும், மார்கழியில் கைவிரிக்கும் என்பது ஆரல்வாய்மொழியில் சின்னப் பையனுக்கும் தெரியும். மின்சாரம் எதற்கு, எந்த நேரத்தில், யாருக்கு என்ற கேள்வி அந்த இரைச்சலில் கேட்கவே இல்லை. விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவசமாகப் போகிற மின்சாரம் எவ்வளவு என்று மீட்டர் வைத்து அளக்கக்கூட இல்லை. அளக்காததை எப்படிச் சிக்கனம் செய்வது? கடற்கரை ஜனங்கள் பயத்தைச் சுமந்தார்கள். அதற்கு என்ன பிரதியுபகாரம் என்று சொல்லக்கூட யாரிடமும் கணக்கு இல்லை.

லவின்ஸின் வாசகர் யார்? வீடு உள்ளவர். அதில் ஒழுகுகிற ஜன்னல் உள்ளவர். சிக்கனம் செய்வதற்குக் கொஞ்சம் ஊதாரித்தனமாவது கைவசம் வேண்டுமே! விறகு சுமக்கிறவள் எதைக் குறைத்துக்கொள்வாள்? இந்த இடத்தில் புஸ்தகம் மௌனமாகிவிடுகிறது. அதே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மௌனத்துக்குள் நடந்துபோனவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அமுல்ய ரெட்டி. தும்கூர் ஜில்லாவில் புரா என்ற சிறு கிராமத்தில் அவரும் சகாக்களும் 1970களில் கணக்கெடுத்தார்கள். யந்திரங்களை அல்ல, மனிதர்களின் நேரத்தை. விறகு பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் அடுப்பு ஊதவும் பெண்களும் குழந்தைகளும் நாளில் எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்று எழுதிவைத்தார்கள். பிறகு சாண எரிவாயு அடுப்பு கொண்டுபோனார்கள். எல்லா வீட்டுச் சமையலுக்கும் சாணம் போதவில்லை. ஊர் ஒத்துழைக்கவும் இல்லை. என்னதான் வேண்டும் என்று விசாரித்தபோது, தண்ணீர் என்று பதில் வந்தது. 1987 முதல் அதே வாயுவை யந்திரத்தில் விட்டு, கிணற்று நீரை ஏற்றிக் குழாயில் கொடுத்தார்கள், விளக்கும் எரிந்தது. சாணம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குக் காசும், வயலுக்கு எருவும் திரும்பப் போயின. ஏற்பாடு பல வருஷங்கள் ஓடியது. ரெட்டியும் கைகா அணுமின் நிலையத்தை எதிர்த்து வாதாடியவர்தாம். ஆனால் கர்நாடகத்துக்கு அவர் போட்ட திட்டத்தில், இல்லாதவர்களுக்குப் புதிதாகக் கொடுப்பதும் சிக்கனமும் ஒரே கணக்கின் இரண்டு வரிகளாக இருந்தன.

புஸ்தகத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் அந்தப் பத்திரிகைக் கட்டுரையை மட்டும் படிக்கலாம். கணக்குகள் நிறைந்த பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கூடவே ரெட்டியின் கட்டுரைகளையும் வைத்துக்கொள்வது நல்லது. யாராவது இதைத் தமிழில் செய்வதானால், தலைப்பில் 'மென்மை' என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புராவில் சாணம் சுமந்தவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டால் சிரிப்பார்கள்.