இரவல் குரலும் சொந்தக் குரலும்

ஈழத்துத் தமிழ் நகைச்சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ‘கோமாளிகள் கும்மாளம்’ முன்னால் வந்து நிற்கும். 1970களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகி, 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்த தொடர் அது. எஸ். ராமதாஸ் முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் மரிக்காராக வந்தார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலி. பி.எச். அப்துல் ஹமீத் ஐயர். முஸ்லிம் அல்லாதவர் மரிக்காராகவும், முஸ்லிம் ஒருவர் ஐயராகவும் இடம் மாறி நின்றதில் நல்ல மனம் இருந்தது. கேட்ட சனமும் அன்போடுதான் சிரித்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நால்வரும் ஆண்கள். முஸ்லிம் பேச்சுத் தமிழின் சுவை ஊரெல்லாம் பரவியபோதும், அந்தத் தமிழைப் பேசும் பெண் தன் பகிடியைத் தானே சொல்ல மேடைக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் மக்கள் பதவியையும் நகைச்சுவை மேடையையும் ஒருசேர வைத்திருந்த முஸ்லிம் பெண் எவருடைய பெயரையும் நமது அரங்க வரலாறுகளிலும் நான் கண்டதில்லை, உள்ளூராட்சி வரலாறுகளிலும் கண்டதில்லை. இரண்டு வெற்றிடங்களுக்கும் காரணம் ஒன்றே என்பது என் வாதம். அவளுக்காக இன்னொருவர் பேசுவதை நாம் போதுமென்று எடுத்துக்கொண்டோம்.

ஒருவர் தனியே நின்று ஊரைச் சிரிக்கவைக்கும் கலை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஸ்டாண்ட்-அப் கொமெடி என்ற பெயர் இங்கே வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கரவெட்டி மண்ணின் கே.எஸ். பாலச்சந்திரன் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பில் அதைச் செய்துகாட்டினார். மேடையில் பஸ் இல்லை, பயணிகள் இல்லை, அவர் ஒருவர் மட்டுமே. கொண்டக்டரின் குரலும் உடலசைவும் சேர்ந்து, நெருக்கியடித்து ஏறும் சனத்தையும், இறங்க மறுப்பவரையும், மிச்சக் காசுக்கு மல்லுக்கட்டுபவரையும் பார்வையாளர் கண்முன் கொண்டுவந்துவிடும். ஊர்ப்பேச்சு, ஒரு பொதுவிடம், எல்லாரையும் கவனித்துக்கொண்டே நிற்கும் ஒரு மனிதர்: அந்தக் கலைக்கு வேண்டியவை இவ்வளவும்தான். உள்ளூராட்சிச் சபையில் வட்டாரத்துக்காகப் பேச எழுந்து நிற்பவருக்கு வேண்டியவையும் ஏறக்குறைய இவையே. வடிகால் அடைத்திருப்பதையும் தெருவிளக்கு எரியாததையும் சொல்ல, தெருவின் பேச்சுத் தெரிந்திருக்க வேண்டும். யார் எதற்குக் கோபப்படுவார், எதற்குச் சிரிப்பார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அரசியல் பக்கத்தைப் பார்ப்போம். தலச்சேரியில் பிறந்து இலங்கைக்கு வந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஆயிஷா ரவூப், 1949இல் கொழும்பு மாநகர சபைக்கு மக்கள் வாக்கால் தெரிவானார். பின்னர் பிரதி மேயரும் ஆனார். தன் பெயரில் வாக்குக் கேட்டு வென்ற முஸ்லிம் பெண் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் இருந்திருக்கிறார். யாழ்ப்பாணத்திலோ 1998இல் முதற்பெண் மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே 17ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். பெண் பதவிக்கு வருவது உயிர்ப் பணயமாக இருந்த ஊரில், சிறுபான்மைக்குள் சிறுபான்மையான முஸ்லிம் பெண்ணின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை 2 சதவீதத்தைச் சுற்றியே நின்ற பெண்களின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. பெரிய மாற்றம்தான். ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வட்டாரத்தில் வென்று வந்தவர்கள் அல்ல. மேலதிகப் பட்டியலிலிருந்து கட்சிச் செயலாளர் தெரிந்தெடுத்தவர்கள். வட்டார வேட்பாளர்களில் பெண்கள் 10 சதவீதம் இருந்தால் போதும், பட்டியலில் பாதி இருக்கட்டும் என்று சட்டமே வழியமைத்துக் கொடுத்தது. இன்னொரு விதியும் உண்டு: 20 சதவீதத்துக்குக் குறைந்த வாக்கோடு, மூன்றுக்குக் குறைந்த இடங்கள் பெறும் கட்சிகளை இந்தக் கடப்பாடு கட்டுப்படுத்தாது. ஓரிரு இடங்களுக்கே போட்டியிடும் சிறு அணிகள் வழியாகத்தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சபைக்குள் நுழைய முடியுமென்றால், ஒதுக்கீட்டின் பயன் முஸ்லிம் பெண்ணின் வாசலுக்கு வராமலே நின்றுவிடும். பட்டியலில் வரும் பெண்ணும் தன்னைத் தெரிந்தெடுத்தவரின் முகம் பார்த்தே பேசவேண்டியிருக்கிறது. வானொலியில் மரிக்காரின் குரல் இரவல் என்றால், சபையில் அவளுடைய ஆசனமும் இரவல்.

இதற்கெல்லாம் கீழே 1990 ஒக்டோபர் கிடக்கிறது. அம்மாதம் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் ஒரே நாளில் வெறிச்சோடின. வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். தையற்காரரும் இரும்புக்கடைக்காரரும் நகைவேலை செய்தவரும் போனதோடு, ஒரு பேச்சுவழக்கும் அதன் பகிடிகளும் சேர்ந்தே ஊரை விட்டுப் போயின. தஞ்சம் புகுந்த புத்தளத்தில் வளர்ந்த அடுத்த தலைமுறைப் பெண்ணை அங்கே ‘அகதி’ என்றார்கள். திரும்பி வந்தால் இங்கே ‘புத்தளத்து ஆள்’. வாக்காளர் பதிவு எந்த ஊரில், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எந்த ஊரில், காணி உறுதி யாரிடம் என்று ஒவ்வொரு படிவத்திலும் முகவரி தேடும் வாழ்க்கை அது. அந்த வாழ்க்கைக்குள் எவ்வளவு கதை, எவ்வளவு கசப்பு, எவ்வளவு சிரிப்பு இருக்கிறது! அவற்றைச் சொல்லத் தகுதியுள்ளவள் அவள்தான்.

பகிடி விடுவது பதவியின் கனதியைக் குறைக்கும் என்பார்கள். தமிழ்நாட்டு நகைச்சுவையாளர் சோ ராமசாமி 1968இல் ‘முகம்மது பின் துக்ளக்’ நாடகத்தை மேடையேற்றினார்; 1999இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரை நகைச்சுவையாளர் யோன் க்னார் 2010 முதல் 2014 வரை மேயராக இருந்து நடத்தினார். யாருக்கும் கனதி குறையவில்லை. ஆணுக்குப் பொருந்துவது பெண்ணுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு நான் இதுவரை நல்ல விடை எதையும் கேட்டதில்லை. சோவின் நாடகத்திலும் முஸ்லிம் குரல் இரவல்தான் என்பது கவனிக்கத்தக்கது.

மார்க்கம் இடம் தராது என்பது அடுத்த மறுப்பு. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் ‘நூறு மசலா’வில் நூறு புதிர்க் கேள்விகளைப் போட்டு ஆணை மடக்கப் பார்ப்பவள் ஓர் அரசகுமாரி. அம்பாறை, மட்டக்களப்பு முஸ்லிம் பெண்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கவிகளில் கேலிக்கும் குத்தலுக்கும் குறைவே இல்லை. மும்பையின் உரூஜ் அஷ்ஃபாக் 2023இல் எடின்பரோ விழாவில் சிறந்த புதுமுக நகைச்சுவையாளர் விருது பெற்றார். தடை மார்க்கத்தில் இருந்து வந்ததைவிட நிறுவனங்களில் இருந்து வந்ததே அதிகம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி என்ற விவாக நீதிபதிப் பதவியை ஆண்களுக்கு மட்டுமே கொடுத்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது: ஆபத்து. 2019 மே மாதம் ஹசலகவில் முஸ்லிம் பெண்ணொருவர் கைதானார்; அவர் உடையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘நவரசம்’ கவிதைத் தொகுப்புக்காக 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜசீமை நீதிமன்றம் விடுவிக்க 2023 டிசம்பர் ஆயிற்று. மேடையில் சொன்ன சில வார்த்தைகளுக்காக 2023 மே மாதம் கைதான நகைச்சுவையாளர் நடாஷா எதிரிசூரிய, பெரும்பான்மைச் சமூகத்தவராக இருந்தும் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அரசு மட்டுமல்ல, ஊரும் தண்டிக்கும்: 2012இல் ஒரு வானொலிச் செவ்விக்காக ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் மிரட்டல்களுக்கு ஆளானார். இந்த அச்சம் நியாயமானது. அதை லேசாகத் தட்டிவிடக் கூடாது. ஆனால் பதவியும் மேடையும் ஒருவரிடம் சேரவேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம் என்று நினைக்கிறேன். வாக்காளர் பின்னால் நிற்கும் ஒருவரைச் சத்தமில்லாமல் அகற்றுவது கடினம். தன் மொழியில் ஊரைச் சிரிக்கவைத்த ஒருவரைப் பட்டியலில் போட்டுவிட்டு வாயடைக்கச் செய்வதும் கடினம்.

ஆகவே கட்சிச் செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் சோனகத் தெரு அடங்கும் வட்டாரத்துக்கு ஒரு முஸ்லிம் பெண்ணை நேரடி வேட்பாளராக நிறுத்துங்கள், பட்டியலில் ஒளித்து வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்து அரங்கக் குழுக்களிடம் இன்னொன்று: உங்கள் அடுத்த நிகழ்வில் பத்து நிமிடங்களை ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் கொடுங்கள். பிரதியை அவளே எழுதட்டும்.