விளையாட்டு மென்பொருளுக்கு எப்போது காசு கட்டலாம்?

காலண்டர், லேபிள், பட்டாசுப் பெட்டி என்று டிசைன் செய்து பழகிய கைகள் சிவகாசியில் ஏராளம். மெப்கோ பொறியியல் கல்லூரியிலும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் நிரல் எழுதப் படித்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இந்த இரு தரப்பும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்ய உட்கார்ந்தால், சீக்கிரமே ஒரு கேள்வி எழும்: அதற்கான மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமா, காசு கட்ட வேண்டுமா?

விளையாட்டு செய்ய உதவும் மென்பொருளான யூனிட்டியை எடுத்துக்கொள்வோம். 12 மாத வருமானமும் முதலீடும் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை அதன் பெர்சனல் பதிப்பு இலவசம். புரோ பதிப்புக்கு 2025 தொடக்கத்தில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,200 டாலர். நம் பணத்தில் 1.8 லட்சத்துக்கு மேல். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று உரிமம். முதல் விளையாட்டையே இன்னும் வெளியிடாத குழு இந்தத் தொகையைக் கட்டுவது வீண் என்றே சொல்வேன். கட்டணம் கட்டியதால் விளையாட்டு சுவையாகிவிடாது. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியிட 100 டாலர், கூகுள் பிளேயில் பதிய 25 டாலர். முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

ஆனால் கட்டணப் பதிப்பு வெறும் பகட்டு அல்ல. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற விளையாட்டுக் கருவிகளான கன்சோல்களுக்கு யூனிட்டியில் விளையாட்டைக் கொண்டுபோக பொதுவாக புரோ வேண்டும். அப்படி வெளியிட ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டால் தயங்காமல் கட்டலாம்.

உண்மையான ஆபத்து விலையில் இல்லை, விதியை மாற்றும் அதிகாரத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி, குறிப்பிட்ட வரம்புக்குமேல் விளையாட்டின் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளும் அதில் அடங்கும் என்றதும் உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிலேயே விதிகளைத் தளர்த்தினார்கள், தலைமை அதிகாரி அக்டோபரில் விலகினார், அடுத்த ஆண்டு செப்டம்பரில் கட்டணமே ரத்தானது. ஆனாலும் நம்பிக்கை உடைந்தது உடைந்ததுதான். 'ஸ்லே தி ஸ்பயர்' செய்த குழு அதன் இரண்டாம் பாகத்தைத் திறந்தமூல மென்பொருளான கோடாட்டுக்கு மாற்றிக்கொண்டது. கோடாட்டுக்கு உரிமக் கட்டணம் இல்லை. விற்பனையில் பங்கும் கேட்காது. இதே வகை மென்பொருளான அன்ரியல், விளையாட்டின் வருமானம் 10 லட்சம் டாலர் ஆகும்வரை எதுவும் வாங்காமல், அதற்குமேல் 5 சதவீதம் கேட்கிறது.

கோடாட்டிலும் குறை உண்டு. கன்சோல்களுக்குக் கொண்டுபோக வெளி நிறுவனங்களின் உதவி வேண்டியிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களோ பெரும்பாலும் யூனிட்டி, அன்ரியல் தெரியுமா என்றே கேட்கின்றன. வேலை தேடும் மாணவர் அதைப் புறக்கணிக்க முடியாது.

1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடாரின் ஊர் சிவகாசி. ஒருகாலத்தில் தீப்பெட்டி லேபிளுக்கு வெளியூரை நம்பியிருந்த ஊர், பிறகு தானே அச்சகம் வைத்தது. பிறர் கையில் இருக்கும் கருவியை நம்பித் தொழில் செய்வதன் விலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆகவே தொடங்குபவர்கள் கோடாட்டில் ஒரு சிறு விளையாட்டையாவது முடித்துப் பார்க்க வேண்டும்; யூனிட்டியை வேலைக்காகக் கற்கட்டும். மாவட்டக் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள்: நிரலோடு சேர்த்து உரிம ஒப்பந்தத்தைப் படிக்கவும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.