முதலில் திறக்கும் கண்

பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்த என் பெரியம்மா, சேலைத் தலைப்பு தோளில் நழுவாமல் இருக்க ஒரு புரூச் குத்துவார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு நீள்வட்டம். வெள்ளி விளிம்புக்குள் சற்றே மேடான கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு பச்சைக் கிளி. வெயிலில் அவர் திரும்பும்போதெல்லாம் கிளிக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் வரும். அவர் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் பல வருஷம் பதிலில்லாமல் கூடவே இருந்தது.

பதிலுக்கான வழியை எனக்குக் காட்டியது வீரவநல்லூரில் ஆச்சி வீட்டுப் பூஜையறை. அங்கே வெண்ணெய்த் தாழிக் கிருஷ்ணன் கண்ணாடி ஓவியமாக மாட்டியிருந்தது. கொழுகொழுவென்ற கன்னம், இருபுறமும் ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலை, மார்பில் மினுங்கும் பதக்கம். ஒருநாள் வெள்ளையடிப்பதற்காக இறக்கி வைத்தபோது படத்தின் முதுகைப் பார்த்தேன். வெறும் நீலத் திட்டும் பழுப்புத் திட்டும்தான் தெரிந்தன. கிருஷ்ணனைக் காணவில்லை. விரலை நீட்டினேன். “ஏட்டி, அதத் தொடாத! தொட்டா சாயம் பொலபொலன்னு உதிந்திரும்” என்றார் ஆச்சி.

அந்த ஒரு வாக்கியத்தில் கண்ணாடி ஓவியத்தின் இயல்பு முழுக்க இருக்கிறது. குற்றாலத்துச் சித்திர சபையில் கூத்தனே சுவரோவியமாக இருக்கிறான். சுவர் வண்ணத்தை உறிஞ்சித் தன்னோடு வைத்துக்கொள்ளும். துணியும் பலகையும் அப்படித்தான். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. வண்ணம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பசை காய்ந்து இறுகினால், அல்லது குற்றாலச் சாரல் காலத்து ஈரம் இடையே புகுந்தால், வண்ணம் கண்ணாடியை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் காற்று நுழைவதால் முன்னாலிருந்து பார்க்க வெளிறிய, வெள்ளி பூத்த திட்டாகத் தெரியும். பழைய கண்ணாடிப் படம் என்று யாராவது காட்டினால் நான் முதலில் தேடுவது இந்தத் திட்டைத்தான். அது இருந்தால் வண்ணம் கண்ணாடிக்குப் பின்னால் தீட்டப்பட்டது என்பது உறுதி.

பின்னால் தீட்டுவது என்றால் என்ன என்பதை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். பலகையில் படம் எழுதுகிறவர் பின்னணியை முதலில் போடுவார், பிறகு உடல், பிறகு உடை, பிறகு நகை. எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கண்ணைத் திறப்பார். நம் சிற்பிகளும் ஓவியர்களும் கண் திறப்பதை அப்படித்தான் நிறைவுச் சடங்காக வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் இந்த வரிசை தலைகீழ். பார்ப்பவருக்கு மிக அருகில் எது தெரிய வேண்டுமோ அதை முதலில் வைத்தாக வேண்டும். கருவிழியில் மின்னும் வெள்ளைப் புள்ளி முதல், அதைச் சுற்றிக் கருவிழி, புருவக் கோடு, முத்துமாலையின் ஒவ்வொரு முத்து. அதற்கப்புறம்தான் முகத்தின் நிறம், உடை. எல்லாவற்றுக்கும் பின்னால் திரைச்சீலையும் வானமும். முகமே இல்லாத வெற்றுக் கண்ணாடியில் கண் முதலில் திறந்துவிடுகிறது. கோடு பிசகினால், மேலே இன்னொரு பூச்சுப் பூசித் திருத்த முடியாது. மேலே பூசுவதெல்லாம் பார்ப்பவருக்குக் கீழே போய்விடும். இந்த மனக்கணக்கைக் கையில் வைத்திருந்தவர்களை நான் பெரிய கலைஞர்கள் என்றே சொல்வேன். தஞ்சாவூர்ப் பலகைப் படத்துக்குக் கிடைக்கிற மரியாதை இவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், இடமும் வலமும் மாறுவது. கோட்டுப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அப்படியே பிரதி எடுத்தால், திருப்பிப் பார்க்கும்போது எல்லாம் மாறிவிடும். தூக்கிய இடது திருவடி வலதாகிவிடும். மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவனுக்கு மட்டுமே அது பொருந்தும். பூணூலோ வலத்தோளுக்குப் போய்விடும். நம் வழக்கில் அது பிதிர்காரியத்துக்கு உரியது. சுவாமி படத்தில் அப்படி வந்தால் வீட்டில் மாட்ட மாட்டார்கள். அதனால் தேர்ந்த ஓவியர் கோட்டுப் படத்தையே திருப்பிப் போட்டுக்கொள்வார். பழைய படம் கையில் வந்தால் பூணூல் எந்தத் தோளில் இருக்கிறது என்று பாருங்கள். வரைந்தவரின் கவனம் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததல்ல. ரோமாபுரிக்காரர்கள் 4ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தங்கத் தகட்டில் உருவம் கீறியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனத்துக் கான்டன் துறைமுகத்தில் கண்ணாடி ஓவியம் ஏற்றுமதித் தொழிலாகவே நடந்தது. நம் பக்கம் வந்தபின் தஞ்சாவூர்க் கைகள் அதைத் தமதாக்கிக்கொண்டன. நகை வரும் இடத்தை வண்ணம் பூசாமல் விட்டு, அதற்குப் பின்னால் ஜிகினாத் தாளையோ தங்க ரேக்கையோ வைத்தார்கள். சிவப்பை மெல்லிசாகப் பூசிப் பின்னால் தாள் வைத்தால் அது கெம்பு. பச்சை பூசினால் மரகதம். கல்லுக்கு அடியில் தாள் வைத்து ஒளி கூட்டுகிற பத்தரின் புத்தி ஓவியரின் கைக்கு வந்துவிட்டது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அச்சுப் படங்கள் மலிவாக வீடு வீடாகப் புகுந்தன. கண்ணாடி ஓவியர்களின் பிழைப்பு மெல்லக் குறைந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பெரியம்மாவின் புரூச்சை நகைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் வழியே பார்த்தேன். முதலில் நகத்தால் முகப்பைத் தடவினேன். மேடு பள்ளம் இல்லை. முகப்பில் எனாமல் வண்ணம் தீட்டிச் சூளையில் சுட்டிருந்தால் நகத்தில் தடம் தட்டும். ஆகவே கிளி உள்ளேதான் இருக்கிறது. அடுத்து, அச்சா, கை வேலையா? பிற்கால அச்சென்றால் லென்ஸில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். பழைய கல்லச்சென்றால் ஒழுங்கில்லாத மணல் போன்ற பொடி தெரியும். இங்கே இரண்டும் இல்லை. சிறகில் தூரிகை மயிர் இழுத்த கோடுகள் இருந்தன, தொடங்கும் இடத்தில் தடித்து முடியும் இடத்தில் இளைத்து.

இங்கிலாந்தில் 1860களில் பெயர் பெற்ற ஒரு வகை உண்டு. மேடான படிகக் கல்லின் அடிப்பக்கத்தைக் குடைந்து உருவம் செதுக்கி, குழிக்குள் வண்ணம் தீட்டி, பின்னால் முத்துச்சிப்பித் தகடு வைத்து மூடுவார்கள். நாய், குதிரை, பறவை எல்லாம் கல்லுக்குள் உயிரோடு உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தாலும் உருவம் திரண்டு நிற்கும். என் கிளியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். அது தட்டையாகப் படுத்துவிட்டது. குடைந்த வேலை இல்லை. 1920களில் பர்மிங்காமில் செய்த புரூச்சுகளில் மார்ஃபோ என்னும் தென்னமெரிக்கப் பட்டாம்பூச்சியின் சிறகைப் பின்னால் வைத்து, முன்னே தென்னையும் படகும் தீட்டியிருப்பார்கள். சிறகின் நீலம் சாயமல்ல. செதிலின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால் அது வெளுப்பதில்லை, சாய்க்கச் சாய்க்கச் சாயல் மாறும். என் கிளியின் பின்னே இருந்த ஒளியில் நீலமே இல்லை.

விளக்கருகே மெல்ல அசைத்தபோது ஒன்று பிடிபட்டது. கிளியின் வாலுக்குப் பின்னால் மெல்லிய நிழல் ஒன்று நகர்ந்தது. வண்ணத்துக்கும் பின்னாலுள்ள தாளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால்தான் அப்படி நிழல் விழும். ஆச்சி வீட்டுக் கிருஷ்ணனின் பதக்கத்தில் சின்ன வயதில் பார்த்த அதே நிழல். தாள் கசங்கியிருந்ததால் ஒளி ஒரே சீராக வராமல் துண்டு துண்டாக வந்தது. பெரியம்மா தோளில் நான் பார்த்த வெளிச்சம் அதுதான். புரூச்சின் முதுகில் ஊசியைத் தாங்கும் கொக்கி பூட்டில்லாத வெறும் வளைவு. சுழற்றிப் பூட்டும் கொக்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலானது. ஊசியும் விளிம்பைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கிறது. பெரியம்மாவுக்கே அது மூத்தவர் யாரோ கொடுத்ததாக இருக்க வேண்டும்.

பத்தர் ஒருவரிடம் காட்டினேன். விளிம்பை நெம்பித் திறந்து தாளை மாற்றினால் புதிதுபோல் மின்னும் என்றார். வேண்டாம் என்றேன். அவர் லென்ஸை வாங்கிக் கிளியின் கண்ணை இன்னொரு முறை பார்த்தேன். கருவிழியின் நடுவே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. கறுப்பு அதன்மேல் ஏறவில்லை, அதன் ஓரம்வரை வந்து நின்றிருந்தது. அந்தப் புள்ளியைத் தொட்டு வைத்தபோது அந்தக் கைக்கு முன்னால் பச்சையும் இல்லை, சிறகும் இல்லை, வெறும் கண்ணாடி மட்டும் இருந்தது.