பழைய சர்வருக்குப் புது டொமைன்

பழைய விண்டோஸ் சர்வரைப் புது டொமைனுக்கு மாற்றுவது நாலு கிளிக், ஒரு ரீஸ்டார்ட் என்பார்கள். சேர்ப்பது அவ்வளவுதான், உண்மை. வேலை தெரிந்தவரின் கை தெரிவது ஃபோல்டர் அனுமதிகளில். யார் திறக்கலாம் என்பதை விண்டோஸ், எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணால் (எஸ்ஐடி) குறித்து வைக்கிறது. டொமைன் மாறினால் எண்ணும் மாறும். அதே ஊழியர், அதே பெயர், ஆனாலும் ‘அனுமதி இல்லை’. இதற்கென்றே விண்டோஸ் 2000-இன் ஆக்டிவ் டைரக்டரியில் எஸ்ஐடி ஹிஸ்டரி வந்தது: புதுக் கணக்கு பழைய எண்ணையும் சுமந்து வரும். அழகான ஏற்பாடு. ஆபத்தில்லையா என்றால், உண்டு. அந்த வழியே கள்ள அதிகாரம் புகுத்த முடியும். அதனால் தேர்ந்த நிர்வாகி அனுமதிகளைப் புது எண்ணுக்கு மாற்றியெழுதிவிட்டுப் பழையதை அழிப்பார். புது சர்வர் வாங்கி ஃபைல்களை நகலெடுத்தால் போதாதா? அனுமதிகளோடு எடுத்தால் பழைய எண்களும் கூடவே வரும்; விட்டுவிட்டு எடுத்தால், சம்பளப் பட்டியலை யார் பார்க்கலாம் என்று ஒவ்வொரு துறையாகக் கேட்டு அலைய வேண்டும்.