நாற்காலியான துப்பாக்கிகள்

முதலில் கண்ணில் படுவது சிரிப்புதான். நாற்காலியின் சாய்மானமாக நிற்பவை இரண்டு போர்ச்சுகீசிய ஜி-3 துப்பாக்கிகள். அவற்றின் கட்டைகளில் உள்ள துளைகள் கண்களாகவும் வார் கோக்கும் பிளவு வாயாகவும் தெரிகின்றன. சிற்பி அந்த முகங்களைச் செதுக்கவில்லை, இருந்ததைக் கண்டுகொண்டார். கெஸ்டர் எனப்படும் மொசாம்பிக் கலைஞர் 2001இல் செய்த ‘ஆயுதங்களின் அரியணை’ இது.

அந்நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். போர் ஓய்ந்தது, துப்பாக்கிகள் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டன. 1995இல் பிஷப் தினிஸ் செங்குலானே முன்னின்று, மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் ஒரு பண்டமாற்றைத் தொடங்கியது. துப்பாக்கியைக் கொடுத்தால் மண்வெட்டியோ சைக்கிளோ தையல் மெஷினோ கிடைக்கும். ஒரு கிராமமே சேர்ந்து ஆயுதங்களைக் கொடுத்து டிராக்டர் வாங்கிக்கொண்டது. வந்த ஆயுதங்களை வெட்டிச் செயலிழக்கச் செய்து, துண்டுகளைக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள்.

நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன் முடிச்சிட்ட கைத்துப்பாக்கி ஒன்று நிற்கிறது. 1988இல் லக்சம்பர்க் தந்தது. நல்ல கற்பனைதான். ஆனால் அது புது வெண்கலம். அதற்காக யாரும் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. அரியணையில் இருக்கும் ஒவ்வொரு இரும்பும் ஒருவர் கையைவிட்டு இறங்கியது. சோவியத், போலந்து, செக்கோஸ்லோவாகியா, வட கொரியா என்று வெளியே செய்து உள்ளே அனுப்பிய சரக்கு அது. யார் யார் வியாபாரம் பார்த்தார்கள் என்பதற்கு அந்த நாற்காலியே ரசீது.

குறை எங்கே என்றால், அரியணை இருப்பது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில். இதே இரும்பில் செய்த ‘வாழ்வின் மரம்’ சிற்பத்தையும் அந்த மியூசியம்தான் கேட்டுச் செய்வித்தது. அரியணை அங்குள்ள பள்ளிகளுக்கும் சிறைக்கும்கூடச் சுற்றி வந்தது. ஆயுதங்களில் பல புறப்பட்ட கண்டத்திலேயே அது பேசுவதில் ஒரு நியாயம் உண்டு. ஆனாலும் துப்பாக்கியைக் கொடுத்த ஊர்க்காரர் அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டும்.

இன்னொன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாராட்டெல்லாம் சிற்பத்துக்கே போகிறது. உண்மையில் வேலை செய்தது பண்டமாற்று. தையல் மெஷினைப் படமெடுத்து யார் போடுவார்கள்? சிற்பம் முடிந்த பொருள். பண்டமாற்றை ஆண்டுதோறும் பணம் போட்டு நடத்தியாக வேண்டும். 2013இல் உள்நாட்டுப் போரின் பழைய எதிரிகள் மறுபடி மோதிக்கொண்டார்கள். 2017இல் வடக்கே காபோ டெல்காடோவில் புதிய கிளர்ச்சி வெடித்தது. அரியணையை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. அது இருப்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பியவர்களைச் சொல்லலாம்.

மொசாம்பிக்கின் தேசியக் கொடியில் மண்வெட்டி இருக்கிறது. அதன் குறுக்கே, இன்றும், கத்தி செருகிய கலாஷ்னிகோவ்.