பிளேக்கின் கையில் இல்லாத உளி

ஓவியத்தில் அமைந்த குறியீடுகளுக்குப் பொருள் காண்போர், கண்ணுக்குப் புலனாவனவற்றையே பெரிதும் ஆராய்வர். புலனாகாது விடப்பட்டனவும் பொருளுடையன என்பதற்கு, ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் (1757–1827) உருவப்படம் தக்க சான்றாகும்.

1807இல் தாமஸ் பிலிப்ஸ் என்னும் ஓவியர் பிளேக்கை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அதனைப் பார்த்து லூயி சியவொனெட்டி என்பார் செப்புத் தகட்டில் உருவாக்கிய அச்சுப்படம், 1808இல் ராபர்ட் குரோமெக் வெளியிட்ட 'கல்லறை' என்னும் நெடும்பாடற் பதிப்பின் முகப்பை அணிசெய்தது. ராபர்ட் பிளேர் இயற்றிய அப்பாடலுக்குப் படங்களை வரைந்தளித்தவர் பிளேக்கே ஆவார்.

படத்தில் பிளேக் அமர்ந்திருக்கிறார். அகன்ற விழிகள் பார்ப்போரை நோக்காது மேனோக்கி நிற்கின்றன. வலக்கையில் ஒரு பென்சில் உள்ளது. விழிகளை உயர்த்திக் காட்டுதல் ஐரோப்பியச் சமய ஓவியங்களில் அருளாளர்க்கு உரிய மரபு. புனைவியற் காலம் அம்மரபைக் கலைஞனுக்கு உரியதாக்கியது. கண் பெறுவதைக் கை பதிவு செய்யக் காத்திருக்கிறது என்பதே இப்படத்தின் வெளிப்படையான குறிப்பு. பிளேக்கைக் காட்சிகள் கண்ட கவிஞராகப் போற்றுவோர் இவ்விளக்கத்தோடு அமைதி கொள்வர்.

ஆயின், பிளேக்கின் வாழ்க்கைத் தொழில் யாது? தம் பதினான்காம் அகவையில், 1772இல், ஜேம்ஸ் பசயர் என்பாரிடம் சேர்ந்து ஏழாண்டுகள் பயின்றது செப்புத் தகட்டில் செதுக்கும் தொழிலே. அவருக்குச் சோறிட்டது உளி. அவ்வுளி படத்தில் இல்லை. தகட்டில் செதுக்குவோர் பிறர் வரைந்ததைப் படியெடுப்போராகவே அன்று மதிக்கப்பட்டனர். இலண்டன் அரச கலைக்கழகத்தில் முழு உறுப்பினராகும் தகுதியும் அவர்கட்கு அந்நாளில் வழங்கப்படவில்லை. பென்சிலோ கருத்தைப் படைப்போனின் கருவி. எனவே, பென்சிலை ஏந்திய கை மதிப்பில் உயர்கிறது. உழைத்த கை மறைகிறது.

இம்மறைவு அந்நூலின் வரலாற்றோடு இணையும்போது வேறொரு பொருளும் பிறக்கிறது. 1805இல் வெளிவந்த முதல் அறிவிப்பு, படங்களைப் பிளேக்கே செதுக்குவார் என்று கூறியது. அடுத்த அறிவிப்பில் அப்பணி சியவொனெட்டிக்கு மாறியது. கருநிலத்தில் வெண்கோடுகளாகப் பிளேக் செய்து காட்டிய மாதிரி, மென்மையை விரும்பிய அக்காலச் சுவைக்கு ஒவ்வாததாயிற்று. பிளேக் வரைந்த பன்னிரண்டு படங்களும் பிறர் கையால் தகடேறின. அப்பணியைப் பெற்றவரே பிளேக்கின் முகத்தையும் செதுக்கினார்!

பிலிப்ஸ் இதனை எண்ணியே தீட்டினார் என்று கொள்வது பொருந்தாது. ஓவியன் கருதிய பொருள் ஒன்று; படம் சென்று சேர்ந்த இடம் அதற்கு நல்கும் பொருள் பிறிதொன்று. முன்னதைக் கூறிப் பின்னதை விடுவது குறைபட்ட திறனாய்வாகும்; பின்னதை முன்னதாகக் கூறுவதோ பிழைபட்ட திறனாய்வாகும்.

குறியீட்டைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்புதல் நலம்: படத்தில் உள்ளது யாது? இருக்கத்தக்கதாயினும் இல்லாதது யாது? அப்படத்தை எவர், எதன்பொருட்டு வெளியிட்டனர்? முதல் வினாவோடு நிற்பவர் பிளேக்கின் விழிகளை மட்டுமே காண்பர். மூன்றையும் வினவுவோரே அவர்தம் கைகளையும் காண்பர்.